சைக்கிள் பாரும் அடிபம்புச் சங்கிலியும்

(பொன்னமராவதியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த வட்டாரத்தில் மேடை ஏறுகிறவனுக்குக் கொஞ்சம் பயம் இருக்கத்தான் வேண்டும். பக்கத்து மேலைச்சிவபுரியில் 1909இலேயே சன்மார்க்க சபை கண்டு, மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசனார் போன்றவர்கள் தமிழ் வளர்த்த பூமி இது. திருவாசகமும் கம்பனும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு முன்னால், சைக்கிளைப் பற்றியும் கிரைண்டரைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

நவீனப் பொறியியலும் அன்றாட வாழ்வும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு தலைப்புக் கிடைத்தால் ராக்கெட்டில் ஆரம்பித்துச் செயற்கை நுண்ணறிவில் கொண்டுபோய் முடிப்பது பேச்சாளர்களின் வழக்கம். நான் பெரும்பாலும் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே சுற்றப்போகிறேன். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம். எந்தக் கருவியை எடுத்தாலும் அதற்குள் எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் எடுத்த சின்ன முடிவு ஒன்று உட்கார்ந்திருக்கும். கம்பி எந்த உயரத்தில் வரவேண்டும், எது சுற்ற வேண்டும், எது நிற்க வேண்டும், ஒரு செய்தியை எத்தனை பேருக்கு அனுப்ப விடலாம் என்பது மாதிரியான முடிவு. ஊர் வழக்கத்தையே அதுதான் மாற்றிவிடுகிறது. அதைப் பற்றி நம்மிடம் யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை.

முதலில் தண்ணீர். வருஷம் முழுக்க ஓடும் ஆறு நமக்கு இல்லை. அதனால்தான் சிறிதும் பெரிதுமாக ஐயாயிரத்துக்கு மேல் கண்மாயும் குளமும் வெட்டி வைத்தார்கள் முன்னோர்கள். பழைய கண்மாய்களில் கரைக்கு உள்ளே, தண்ணீருக்கு நடுவில் இரண்டு கல்தூண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது குமிழித்தூம்பு. மேலே உள்ள துளையில் கல்லைத் தூக்கினால் தண்ணீர் இறங்கும். அடியில் இருக்கும் துளை வழியாகச் சேறும் சேர்ந்து போய்விடும். கண்மாய் தூராமல் இருக்க அத்தனை எளிய ஏற்பாடு. இன்னார் இந்தக் குமிழியைச் செய்வித்தார் என்று பாறையிலும் தூணிலும் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1929இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். மதகையும் மடையையும் மதித்த சமூகம் இது என்று தெரியும். பொறியியல் என்பது வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். அதற்காக எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்று மார்தட்டவும் நான் தயாரில்லை. குடிதண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு நடந்த நடை அப்போதும் இருந்தது.

அந்த நடையைக் குறைத்தது அடிபம்பு. இன்றைக்குத் தெருமுனையில் கைப்பிடி உடைந்து கிடக்கிறதே, அதற்கு உலகம் சுற்றிய கதை ஒன்று உண்டு. 1966, 67இல் பீகாரில் பெரும் பஞ்சம். கடினப் பாறையையும் துளைக்கக்கூடிய இயந்திரங்களை யுனிசெஃப் கொண்டுவந்தது. ஊர் ஊராக ஆழ்துளை போட்டு அடிபம்பு மாட்டினார்கள். ஏழெட்டு வருஷத்துக்குள் பார்த்தால் முக்கால்வாசி பம்புகள் ஓடவில்லை. ஜனங்களுக்குப் பொறுப்பில்லை, உடைத்துப்போட்டுவிட்டார்கள் என்றுதான் அதிகாரிகள் முதலில் சொல்லியிருப்பார்கள். அது எப்போதும் கைக்கெட்டும் காரணம். உண்மைக் காரணம் வேறு. அந்த வார்ப்பிரும்புப் பம்புகள் அமெரிக்க, ஐரோப்பியப் பண்ணைவீட்டுப் பம்புகளின் சாயலில் செய்தவை. ஒரு குடும்பம் காலையில் பத்துத் தரம், மாலையில் பத்துத் தரம் அடிப்பதற்கானவை. நம் ஊரில் விடிவதற்கு முன்னால் வரிசை தொடங்கும். ராத்திரி வரைக்கும் கைப்பிடி ஓயாது. ஆணி ஆணியாகக் கோத்த இணைப்புகள் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இதற்கு வழி முதலில் டெல்லியில் பிறக்கவில்லை. மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரில், கிறித்தவ மிஷன் சார்ந்து கிணறு தோண்டும் வேலை செய்தவர்களின் பட்டறையில் பிறந்தது. கைப்பிடிக்கு ஒரே ஒரு அச்சு. கைப்பிடியின் முனையில் வளைவான தகடு. அதன்மேல் சைக்கிள் செயின் மாதிரி ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியில் கம்பி தொங்கும். கைப்பிடி வளைவாகப் போய்வந்தாலும் கம்பி நேராகவே ஏறி நேராகவே இறங்கும். உரசல் இல்லை, வளைவதும் இல்லை. இவ்வளவுதான் சூட்சுமம். அதை மேலும் செம்மைப்படுத்தி, கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் மாட்டிச் சோதித்து, சென்னை ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினார்கள். அதுதான் இந்தியா மார்க் 2. ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்திலிருந்தும் ஒரு பெண் தனியாகத் தண்ணீர் எடுக்கலாம். இதற்குக் காப்புரிமை என்று எவரும் பூட்டுப் போடவில்லை. அளவும் வரைபடமும் எல்லோருக்கும் திறந்தே இருந்தன. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இன்றும் இந்தப் பம்பை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு குறை இருந்தது. உள்ளே வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் வெளியே உருவ வேண்டும். அதற்கு முக்காலி வேண்டும், வண்டி வேண்டும், நாலைந்து ஆண்கள் வேண்டும். அவர்கள் ஒன்றியத் தலைநகரிலிருந்து வரும்வரை ஊர் காத்திருக்கும். பிறகு வந்த மார்க் 3இல் குழாயின் விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். குழாய் நிலத்துக்குள்ளேயே இருக்க, உள்ளுறுப்பை மட்டும் மேலே இழுத்து வாஷர் மாற்றலாம். விட்டம் கூடியதும் ரிப்பேர் வேலை ஊருக்குள்ளேயே வர வழி பிறந்தது. உத்தரப் பிரதேசத்துப் பாந்தா மாவட்டத்தில் எழுதப்படிக்கத் தெரியாத தலித் பெண்கள் அடிபம்பு மெக்கானிக்காகப் பயிற்சி பெற்று ஸ்பானர் பிடித்தது பொறியியல் வரலாற்றில் சேர வேண்டிய செய்தி.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பம்பு பாறையைத் துளைத்துவிட்டது, சாதியைத் துளைக்கவில்லை. பொதுக்கிணற்றில் விடமாட்டேன் என்றவர்களிடமிருந்து விடுபட, சொந்தத் தெருவில் ஓர் அடிபம்பு பெரிய விடுதலை. ஆனால் 2022 டிசம்பரில், இதே மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்துகிடந்தது. தொட்டியைக் கட்டத் தெரிந்த நமக்கு அந்தத் தொட்டிக்கு மேலே ஏறிய மனசை என்ன செய்வதென்று தெரியவில்லை. இதற்கு இன்ஜினியரிடம் மருந்து கிடையாது.

இனி சைக்கிளுக்கு வருகிறேன். நம் மாவட்டத்தின் பெயரை உலகம் கேட்டது இதனால்தான்.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். ராத்திரி வகுப்பு, அரிக்கேன் விளக்கு, எழுத்துப் பலகை, தொண்டர்கள். தொண்டர்களில் நிறையப் பேர் பெண்கள். ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்குப் போய்ப் பாடம் சொல்ல வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நடக்காது; அண்ணனையோ வீட்டுக்காரரையோ கொண்டுவிடச் சொன்னால் அது தினம் நடக்காது. எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுங்கள் என்று ஆட்சியர் முடிவு செய்தார். பாடத்திட்டத்தில் சைக்கிள்! வங்கிக்கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்ஸுகள், கல்லுக்குப் பட்டை தீட்டும் பெண்கள், விவசாயக் கூலிகள், குடுமியான்மலைப் பக்கத்துக் கல்குவாரியில் உடைகல் சுமந்தவர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைத் தம் புத்தகத்தில் எழுதி, அது பல நாட்டு வகுப்பறைகளுக்குப் போயிருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த நாளில் தெருவில் என்ன பேசினார்கள் என்பது இங்கே இருக்கும் ஆத்தாமார்களுக்கு ஞாபகம் இருக்கும். சேலை கட்டிக்கொண்டு பொம்பளை சைக்கிள் மிதிப்பதா, குடும்பம் என்ன ஆவது என்று கேட்டவர்கள் குறைச்சலில்லை. குடும்பம் நன்றாகத்தான் ஆயிற்று. தண்ணீர்க் குடம் கேரியரில் ஏறியது. காய்கறியை நேரே சந்தைக்குக் கொண்டுபோக முடிந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கவும், அங்கே காத்திருக்கவும் செலவான நேரம் கைக்கு வந்தது. ஆசுபத்திரிக்குப் போக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. சம்பாத்தியம் கூடியதைவிட, கேட்டுக்கேட்டுப் போகும் நிலை போனதைத்தான் பெண்கள் பெரிதாகச் சொன்னார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று உண்டு. சங்கிலி வைத்து இரண்டு சக்கரமும் ஏறத்தாழச் சம அளவில் அமைந்த இன்றைய சைக்கிள் 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் செய்தது. மூன்று வருஷம் கழித்து டன்லப் காற்றடைத்த டயர் கொண்டுவந்தார். அந்த நாட்டுப் பெண்களின் நீளப் பாவாடைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் உள்ள பாரை இறக்கி லேடீஸ் சைக்கிள் செய்தார்கள். பெண்ணுக்கு இது, ஆணுக்கு அது என்று முடிவாகிவிட்டது. நூறு வருஷம் அப்படியே ஓடியது. புதுக்கோட்டையில் பெண்கள் கடைக்குப் படையெடுத்தபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். கிடைக்கவில்லை என்பதற்காக மட்டுமா வாங்கினார்கள்? அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! இங்கிலாந்து இன்ஜினியர் பெண்களுக்கு வேண்டாம் என்று எடுத்துவிட்ட கம்பி, நம் ஊர்த் தாய்மாருக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாருக்கு மேலே காலைப் போட்டு ஏறினார்கள். ஒரு கருவியை யார் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று செய்தவர் நினைத்ததை, வாங்கியவர்கள் திருத்தி எழுதினார்கள்.

செட்டிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பர்மாவில் வட்டிக்கடை நடத்திய பள்ளத்தூர் முருகப்பா குடும்பம், 1949இல் பிரிட்டிஷ் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கிருந்து வந்தவை. கொண்டுவிற்ற வட்டிப் பணம் இரும்புக் குழாயாக மாறி, இந்த வட்டாரத்துக் கூலிப்பெண்ணின் காலடிக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பிறகு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து நாளடைவில் எல்லோருக்கும் விரிந்தது. ஓட்டுக்காகக் கொடுக்கிறார்கள் என்று டீக்கடையில் பேசுவோம். பீகாரில் 2006இல் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்ததை கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் சேரும் வயதுப் பெண்பிள்ளைகளின் சேர்க்கை ஏறத்தாழ 30 சதவீதம் கூடியிருந்தது. ஆண், பெண் சேர்க்கைக்கு இடையே இருந்த இடைவெளியில் 40 சதவீதம் அடைந்துபோனது. பள்ளிக்கூடம் தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். பள்ளிக்கூடத்தைப் பக்கத்தில் கொண்டுவர முடியாதபோது தூரத்தைச் சுருக்கலாம் என்பது கெட்ட யோசனை இல்லை.

கிரைண்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நேரமாகிறது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கோயம்புத்தூர்க்காரர் சபாபதி 1955இல் அதைத் திருப்பிப்போட்டார். பாத்திரம் சுற்றட்டும், குழவி நிற்கட்டும் என்றார். மோட்டாருக்குத் தோதான ஏற்பாடு அதுதான். ஊத்துக்குளிக் கல்லும் கோவை மோட்டாரும் சேர்ந்து ஒரு தொழிலே வளர்ந்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் இட்லி என்று இருந்த வீடுகளில் அது தினசரிப் பலகாரம் ஆனதற்கு ரேஷன் அரிசிக்கு அடுத்தபடி இந்த இயந்திரத்தையே நான் சொல்வேன். 2011 செப்டம்பரில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டம் வந்தபோது சிரித்தவர்கள் எல்லாம் ஆண்கள். அடுத்த வருஷமே பல மணி நேர மின்வெட்டு வந்து, கிரைண்டர் மேல் துணி போட்டு மூடிவைத்திருந்ததும் உண்மை. ஒன்று கவனியுங்கள். மாவாட்டும் சிரமம் குறைந்தது. மாவாட்டுவது யார் வேலை என்பது மாறவில்லை. சுவிட்சைப் போடுவதும் அதே கைதான்.

இப்போது கசப்பான பகுதி. நீர்மூழ்கி மோட்டார் வந்தது. 1990இல் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டுப் போர் வண்டிகள் ஊர் ஊராக வந்தன. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயப் பம்புசெட்டுகள் தமிழ்நாட்டில் ஓடுகின்றன. கமலை இறைத்த தோள்களுக்கு அது ஓய்வு கொடுத்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கண்மாய்க்குக் குடிமராமத்து செய்ய ஊர் கூடியாக வேண்டியிருந்தது. போருக்கு ஊர் கூட வேண்டியதில்லை. என் நிலம், என் போர், என் மோட்டார். பக்கத்துக்காரர் நூறடி கூட்டினால் நாம் இருநூறடி கூட்டுவோம். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. பாறைக்கு அடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத பொதுச்சொத்தைப் பங்கு போடுவது கஷ்டம்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வந்தபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், ஆலங்குடி, கீரமங்கலம் வட்டாரத்தில், மின்கம்பங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. தென்னை போயிற்று, பலா போயிற்று. மின்சாரம் வர வாரக்கணக்கானது. பூமிக்கடியில் தண்ணீர் இருக்கிறது, மேலே கொண்டுவர வழியில்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தொட்டி நிரப்பினார்கள். மின்சாரம் கேட்காமல் தண்ணீர் தரக்கூடிய அடிபம்பை எத்தனை தெருக்களில் பிடுங்கி எறிந்துவிட்டு மோட்டார் இறக்கியிருந்தோம்! கேரளத்திலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டதை அந்த ஊர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள். மறு வருஷம் பேராவூரணியில் கைஃபா என்ற அமைப்பின் இளைஞர்கள் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். கிணறு தோண்டும் போட்டிக்குத் துணைபோன அதே மண்வாரி இயந்திரம் கண்மாய்க்கும் உழைத்தது. ஜேசிபிக்குச் சொந்தப் புத்தி கிடையாது. வாடகைக்கு எடுத்தவர் புத்திதான்.

பின்வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகள் தலையை நிமிர்த்தலாம், செல்போனுக்கு வந்துவிட்டேன். மளிகைக் கடையிலிருந்து இளநீர் வண்டி வரைக்கும் ஸ்கேன் செய்து பணம் கொடுக்கிறோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளையை முகம் பார்த்துப் பேசுகிறோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவது இந்த ஊர் நினைக்க விரும்பாத ஒன்று. 2019 ஏப்ரலில், தேர்தல் முடிந்த சூட்டோடு, வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றியது. ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய பதிவு. அது கை கை மாறிப் போக, பொன்னமராவதி கொந்தளித்தது. கடைகள் அடைத்தன, வண்டிகள் உடைந்தன, தடியடி நடந்தது, 144 போட்டார்கள். பேசியவர்கள் ஓரிருவர். அனுப்பியவர்கள்?

அந்தக் காலத்தில் வாட்ஸ்அப் நிறுவனம் ஓர் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தது. இந்தியாவில் வதந்தியால் அடித்துக் கொலை செய்யும் சம்பவங்கள் நடந்ததால், 2018இல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்குத்தான் முன்னனுப்பலாம் என்று இங்கே கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கு மேல் அனுப்ப முடியாது என்று இறுக்கினார்கள். அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. கடல் கடந்து எங்கோ ஓர் அறையில் ஐந்தை ஒன்றாக்கியதும் அவ்வளவு தூரம் அடங்கியிருக்கிறது. முன்கூட்டியே அதை ஒன்றாக வைத்திருந்தால் அந்த ஏப்ரல் எப்படிப் போயிருக்கும்? தெரியாது. நம்முடைய சட்டமன்றத்தில் விவாதிக்காத எண் அது. ஆனால் சட்டத்தைவிட வேகமாக நம்மை ஆள்கிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நாளைக்கு இப்படிப்பட்ட எண்களை முடிவு செய்யும் நாற்காலிகளில் உட்காருவீர்கள். அப்போது பாரில் பிள்ளையை உட்காரவைத்த அந்தப் பெண்களிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை சொல்லிவிட்டு இறங்குகிறேன். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை, பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது நமக்கு வெகுதூரத்துச் சேதி அல்ல. நாலு நாள் நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. பெரிய ரிக் வண்டிகள் வந்தன. பக்கத்தில் குழி தோண்டப் பாறை விடவில்லை. குழந்தை பிழைக்கவில்லை. இத்தனைக்கும் உச்ச நீதிமன்றம் 2010இலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. போர் போடுவதற்கு 15 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது முள்வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். குழாயைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்டி, வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும். வாயை மூட ஒரு வெல்டரும் ஒரு தகடும் போதும், அரை நாள் வேலை.

உங்கள் தோட்டத்திலோ, பங்காளி நிலத்திலோ, வெளியூரில் இருப்பவர்களின் புஞ்சையிலோ வாய் திறந்து கிடக்கும் போர் இருந்தால், இந்த வாரமே மூடுங்கள். மூடாதவர் யாரென்று தெரிந்தால் அடுத்த கிராம சபையில் எழுந்து சர்வே எண்ணோடு சொல்லுங்கள்.